மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் பயிற்சியும் சாப்பாட்டுத் திட்டமும்: பிசகு எங்கே?

புதுநடை:

வணக்கம். வயது 38, எடை 78 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் சரியாக இருக்கின்றன. திட்டம் இதுதான்: தினமும் காலையில் 30 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் தண்டாலும் ஸ்குவாட்டும். சர்க்கரை அறவே கிடையாது, இரவில் மாவுச்சத்து கிடையாது, நொறுக்குத்தீனி கிடையாது. இரண்டு வாரம் ஒழுங்காகப் போகும். மூன்றாவது வாரம் ஒரு நாள் தவறும், அதோடு மொத்தமும் நின்றுவிடும். இதுவரை நான்கு முறை இதே கதை.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா? எந்த அளவில் தொடங்கினால் நிலைக்கும்? சாப்பாட்டில் முதலில் எதை மாற்ற வேண்டும்? ஒரு நாள் தவறினால் மறுநாள் என்ன செய்வது? மனவுறுதி பற்றிய அறிவுரை வேண்டாம், அளவும் செய்முறையும் சொன்னால் போதும்.

நிதானம்:

முதலில் அந்த 21 நாள் கணக்கை இறக்கி வைத்துவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960ல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் மாறிய முகத்துக்குப் பழக, குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று அவர் எழுதினார். வாய்வழியாகப் பரவும்போது "குறைந்தது" என்ற சொல் உதிர்ந்துவிட்டது. முகம் பழகுவதற்குச் சொன்னது ஓட்டத்துக்கும் உணவுக்கும் விதியாகிவிட்டது.

பழக்கத்தை அளந்து பார்த்த ஆய்வு வேறு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள்; முடிவு 2010ல் அச்சில் வந்தது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்ய வேண்டும். யோசிக்காமலே அதைச் செய்யும் நிலைக்கு வர ஆன காலத்தின் நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது; 84 நாளைத் தாண்டிய எண்கள் அதுவரை கிடைத்த பதிவை வைத்துக் கணித்தவை. தண்ணீர் குடிப்பது போன்ற சின்னச் செயல்கள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி படிய அதிக நாள் பிடித்தது. உங்களுக்கு முக்கியமானது அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு: ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

மூன்றாவது வாரம் உங்களுக்கு ஏன் உடைகிறது என்பது இதிலேயே தெரிகிறது. ஆரம்ப உற்சாகம் வடிந்திருக்கும், பழக்கம் இன்னும் ஊறியிருக்காது. நடுவில் உள்ள அந்த ஆறேழு வாரத்தைத் தாண்ட, களைத்த நாளிலும் செய்யக்கூடிய அளவு சிறிய வேலை வேண்டும். உங்கள் திட்டத்தில் ஐந்து மாற்றங்கள் ஒரே திங்கட்கிழமை தொடங்குகின்றன. ஐந்தும் தனித்தனிப் பழக்கங்கள். ஒவ்வொன்றையும் தினமும் நினைவு வைத்து, முடிவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

செய்முறைக்கு வருகிறேன். ஒரு பயிற்சி, ஒரு சாப்பாட்டு மாற்றம், இரண்டே இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் வாலில் கட்டுங்கள். அந்தச் செயல் தினமும் நடப்பதாக, தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிவதாக இருக்க வேண்டும். "வேலை முடிந்ததும்" உதவாது, ஒரு நாள் ஐந்து மணிக்கு முடியும், ஒரு நாள் எட்டுக்கு. "நேரம் கிடைக்கும்போது" என்பது அதைவிட மோசம். "பல் துலக்கிய பிரஷ்ஷைக் கீழே வைத்ததும் ஷூ போடுவேன்" என்பது உதவும். செயல், இடம், அடுத்த அசைவு மூன்றும் அதில் இருக்கின்றன. "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டி எழுதி வைக்கும் இந்த முறையை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் விரிவாக ஆராய்ந்தார். வெறும் "உடற்பயிற்சி செய்யப்போகிறேன்" என்ற தீர்மானத்தைவிட இப்படி எழுதியது செயலாவது அதிகம்.

இடைஞ்சலுக்கும் இதே வாக்கியம்தான். "மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் நடப்பேன்." "தாமதமாக எழுந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் நடப்பேன்." இரண்டு அல்லது மூன்று எழுதினால் போதும், பத்து எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

அடுத்தது அளவு. அடிமட்ட அளவு என்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: 10 நிமிட நடை. காய்ச்சலாகக் கிடந்தால் ஒழிய அது நடந்தாக வேண்டும். அதற்குமேல் அன்றன்று முடிந்தது. நாள் போகப்போக வழக்கமான அளவு 20, 30, 40 என்று ஏறலாம், அடிமட்டம் மட்டும் 10லேயே நிற்கட்டும். பலரும் தவறுவது இங்கேதான். நன்றாகப் போகிறதே என்று அடிமட்டத்தையும் 30 ஆக்கிவிடுவார்கள். வேலை நெருக்கும் முதல் வாரத்திலேயே அது பூஜ்யமாகிவிடும்.

எடைக்கல்:

நிதானம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பயிற்சிப் பக்கம் மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. கூடவே வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சி. ஓட்டம் கடும் உழைப்புக் கணக்கில் வரும். உங்கள் திட்டம் 30 பெருக்கல் 7, அதாவது 210 நிமிட ஓட்டம். அந்த வரம்பின் மேல் எல்லையையும் தாண்டி, உட்கார்ந்தே பழகிய உடம்பை முதல் நாளிலேயே நிறுத்துகிறீர்கள்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் எலும்பும் அதைவிட மெதுவாகத்தான் உறுதிப்படும். அதனால்தான் "மூச்சு வாங்கவில்லை, ஆனால் கெண்டைக்காலின் முன்னெலும்பு வலிக்கிறது, முழங்கால் கீழே வலிக்கிறது" என்ற புகார் மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது. நீங்கள் விடுவதாகச் சொல்லும் அதே வாரம். சோம்பல் என்று நினைப்பதில் ஒரு பங்கு உடம்பின் மறுப்பாகவும் இருக்கலாம்.

ஆகவே ஓட்டத்தைத் தள்ளிப்போட்டு நடையில் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் 10 முதல் 15 நிமிடம். மூன்றாவது, நான்காவது வாரம் 20. அடுத்த நான்கு வாரத்தில் 25, 30 என்று ஏற்றுங்கள். வேகத்துக்குக் கருவி வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அது மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் அது கடும் உழைப்பு. வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் வந்தால் 150 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஓட ஆசை என்றால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி எட்டு முறை. வாரம் மூன்று நாள் மட்டும், இடையில் ஒரு நாள் விட்டு.

நாளுக்கு 10,000 காலடி என்ற எண்ணையும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலேயே பத்தாயிரம் அடி என்பது இருந்தது, அங்கிருந்துதான் அது பரவியது. இப்போது நீங்கள் நடப்பதை ஒரு வாரம் எண்ணிச் சராசரி பாருங்கள். அதோடு 1,500 அடி சேர்ப்பது நல்ல முதல் இலக்கு.

வலுப் பயிற்சி வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. ஐந்து அசைவுகள் போதும். நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்து எழுவது. தரையில் தண்டால் எடுக்க வரவில்லை என்றால் சுவரிலோ, அசையாத மேசை விளிம்பிலோ கை ஊன்றித் தண்டால். பையில் புத்தகங்களைப் போட்டு, முன்குனிந்து முதுகை நேராக வைத்து, அதை இடுப்பை நோக்கி இழுப்பது. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துவது. கடைசியாக பிளாங்க், அதாவது குப்புற இருந்து முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்துவது, 20 விநாடி. பிளாங்க் தவிர மற்றவை 8 முறை, இரண்டு சுற்று. மொத்தம் 15, 20 நிமிடத்தில் முடியும்.

எப்போது நிறுத்துவது? இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்றும் இடத்தில். கை நடுங்கும்வரை போனால் மறுநாளைக்கு மறுநாள் நாற்காலியிலிருந்து எழவே வலிக்கும். புதுப் பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. லேசான நடை அதற்கு உதவும். மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கும் எலும்பு, வீக்கம் இவை வேறு வகை. நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சில் இறுக்கம், மயக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

இரண்டு முறை தொடர்ந்து 12 வரை சுலபமாக வந்தால் அசைவைக் கடினமாக்குங்கள்: சுவரிலிருந்து மேசை, மேசையிலிருந்து தரை. எண்ணிக்கையை 40, 50 என்று ஏற்றிக்கொண்டே போனால் நேரம்தான் நீளும், வலு அந்த அளவுக்குக் கூடாது.

சமையற்கட்டு:

சாப்பாட்டுப் பக்கம். உங்கள் பட்டியலில் மூன்று "கிடையாது" இருக்கிறது, "உண்டு" ஒன்றுகூட இல்லை. எடுத்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் பசிதான் வந்து உட்காரும். காலையில் ஓட்டம், இரவில் மாவுச்சத்து இல்லாத அரைச் சாப்பாடு என்றால் இரவு பத்து மணிக்குக் கை அலமாரிக்குப் போவது இயல்பு. அதை ஒழுக்கக் குறைவாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

முதல் மாற்றமாக நான் சொல்வது இனிப்பு பானம். 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும், குடித்த பிறகும் வயிறு நிரம்பியதாகத் தோன்றாது. சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு வழியாக வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2,000 கிலோ கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் சேராது. "சர்க்கரை அறவே இல்லை" என்று பழத்தையும் தள்ளி வைத்திருந்தால் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இனிப்பு பானம் குடிக்கும் வழக்கமே இல்லையென்றால், முதல் மாற்றம் தட்டில். பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம். ஒரு வேளையில் மட்டும் தொடங்குங்கள், எந்த வேளை வீட்டில் உங்கள் கையில் இருக்கிறதோ அந்த வேளை. காய்கறியும் பழமுமாக நாளுக்கு 400 கிராம், நார்ச்சத்து 25 கிராம் என்பது பெரியவர்களுக்கான அடிப்படை அளவு. நார்ச்சத்தை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பி, வாயு பிடித்து, "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு கைப்பிடி கூட்டினால் போதும், தண்ணீரையும் கூட்டுங்கள்.

புரதம்: உடல் எடை கிலோவுக்கு 0.8 கிராம் அடிப்படை. உங்களுக்கு 62 கிராம். வலுப் பயிற்சியும் செய்து எடையும் குறைக்கப் பார்ப்பவர் 1.2 வரை போகலாம், அது 94 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பை பாலில் 8, வேகவைத்த பருப்போ பயறோ 100 கிராமில் 8 அல்லது 9, சமைத்த கோழி இறைச்சி 100 கிராமில் 30 கிராமை ஒட்டி இருக்கும். வேளைக்கு 20 முதல் 30 கிராம் என்று பிரித்து வையுங்கள். நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரே வேளையில் கொட்டினால் மற்ற வேளைகளில் பசி அடங்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நொறுக்குத்தீனி விஷயத்தில் தடையைவிடத் தூரம் நன்றாக வேலை செய்யும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். 20 பேரை மருத்துவ வளாகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அவ்வளவாகப் பதப்படுத்தாத உணவு கொடுத்தார்கள். முன்வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் பொருந்தும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னபோது, பதப்படுத்திய உணவில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கிலோ கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். உணவு மாறியதும் சாப்பிட்ட அளவும் மாறியது.

அதனால் வேலையைக் கடையிலேயே முடியுங்கள். பெரிய பாக்கெட் வாங்காதீர்கள். வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் மேல் அலமாரியில், மூடிய டப்பாவில். கண்ணுக்கு நேரே கழுவிய பழம். பாக்கெட்டோடு உட்காராமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு, பாக்கெட்டை மூடி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

சமையலுக்கு வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பயறு வகையை வேகவைத்து இரண்டு நாளுக்கானதை ஃப்ரிட்ஜிலும் மீதியை ஃப்ரீசரிலும் வையுங்கள். இரண்டு காய் நறுக்கி வையுங்கள். ஒரு வாரத்துக்கும் ஒரே நாளில் சமைத்து வைப்பது அழகாகத் தெரியும், ஆனால் சமைத்தது ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாளுக்குமேல் நல்லதல்ல. நான்காம் நாள் சலிப்பும் தட்டிவிடும்.

புதுநடை:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஒவ்வொரு முறையும் முதல் பத்து நாளில் 2 கிலோ இறங்குகிறது, பிறகு முள் அசைவதில்லை. ஊக்கம் போவதற்கு அதுவும் காரணம். ஒரு நாள் தவறியதும் மொத்தமும் சரிவதற்கு என்ன மருந்து?

எடைக்கல்:

அந்த 2 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. இரவு மாவுச்சத்தை நிறுத்தி ஓடவும் தொடங்கினால் அது முதலில் காலியாகும். கணக்கும் அதையே சொல்கிறது: ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி. 2 கிலோவும் கொழுப்பு என்றால் பத்து நாளும் தினம் 1,540 குறைவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் அவ்வளவு பள்ளம் விழ வாய்ப்பில்லை. ஆகவே பத்தாம் நாளுக்குப் பிறகு முள் நிற்பதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கொழுப்பு மெதுவாகத்தான் இறங்கும்.

எடை பார்ப்பதானால் காலையில், கழிப்பறை போய்வந்து, சாப்பிடுமுன். ஏழு நாள் சராசரியை முந்தைய ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். உப்பு மிகுந்த ஒரு சாப்பாட்டுக்கே மறுநாள் ஒரு கிலோ ஏறி இறங்கும். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் எடைக்கு அரை மணி வேக நடையில் செலவாவது சுமார் 150 கிலோ கலோரிதான், ஒரு சின்ன பாக்கெட் பிஸ்கட் அதைத் திருப்பிவிடும். எடைக்குறைப்பு பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். நடையின் பலனை எடைத்தட்டில் தேடினால் ஏமாற்றம்தான். ரத்த அழுத்தம், தூக்கம், சாப்பிட்ட பிறகு ஏறும் ரத்தச் சர்க்கரை, மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு ஆகியவற்றில் தேடுங்கள்.

நிதானம்:

தவறிய நாளைப் பற்றி. குடியை விட்டவர்கள் மறுபடி விழுவதை ஆராய்ந்த ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஒரு முறை சறுக்கியதைவிட, "நான் இவ்வளவுதான்" என்று அந்தச் சறுக்கலுக்குக் கொடுக்கும் அர்த்தமே ஆளைக் கவிழ்க்கிறது. "அறவே கிடையாது" என்ற விதி இருக்கும்போது ஒரு துண்டு கேக் சாப்பிட்டாலே விதி உடைந்துவிடும், உடைந்த பிறகு மீதிக் கேக்கை நிறுத்த ஒரு காரணமும் இருக்காது. விதியை "வாரத்தில் இரண்டு முறை, ஒரு துண்டு, உட்கார்ந்து நிதானமாக" என்று எழுதினால் உடைய ஒன்றுமில்லை.

நாள்காட்டியில் தொடர்ச்சியை எண்ணாதீர்கள், வாரத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். ஏழில் ஐந்து வந்தால் அது நல்ல வாரம். தவறிய மறுநாள் அடிமட்ட அளவு, 10 நிமிடம், அவ்வளவுதான். ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்தால் வலிதான் மிஞ்சும், மூன்றாவது நாளும் போகும். சாப்பாட்டிலும் அப்படியே: அளவு மீறிய மறுவேளை பட்டினி வேண்டாம், வழக்கமான தட்டு. ஒரு வாரம் காய்ச்சலில் போனால் முந்தைய அளவில் பாதியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏறுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் குறிப்பைப் பாருங்கள். எந்தக் கிழமை, அதற்கு முன் என்ன நடந்தது, இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது என்று சிகாகோ பல்கலைக்கழகச் சோதனை ஒன்று 2004ல் காட்டியது. காலை நடை தவறுவதற்கு மருந்து பல நேரம் முந்தைய இரவு படுக்கும் நேரத்தில் இருக்கிறது.

புதுநடை:

இப்படி எழுதிக்கொண்டேன், சரியா? "விழித்ததும் 10 நிமிட நடை. இரவுத் தட்டில் பாதி காய்கறி. செவ்வாய், வெள்ளி மாலை வலுப் பயிற்சி. 12 வாரத்துக்கு வேறு எதையும் சேர்ப்பதில்லை."

நிதானம்:

இரண்டு திருத்தம். "விழித்ததும்" தெளிவில்லை, விழித்துப் படுக்கையிலேயே போன் பார்த்துக்கொண்டிருப்பதும் விழித்ததில்தான் சேரும். "பல் துலக்கியதும்" என்று மாற்றி, ஷூவைக் குளியலறை வாசலில் வையுங்கள். வலுப் பயிற்சியை முதல் மூன்று வாரம் சேர்க்காதீர்கள், நடை ஓரளவு படிந்த பிறகு நான்காவது வாரத்தில் தொடங்குங்கள். "மாலை" என்பதையும் நடை முடிந்து ஷூவைக் கழற்றுமுன் என்று மாற்றிவிடுங்கள், புதிதாக ஒரு நேரம் தேட வேண்டியிருக்காது.

சமையற்கட்டு:

இரவுத் தட்டுக்கும் ஒரு வாக்கியம் சேருங்கள்: தட்டில் முதலில் விழுவது காய்கறி, தானியம் கடைசி. காய் நறுக்கி வைத்திராத இரவுக்காக ஃப்ரீசரில் உறைந்த காய்கறி ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். சத்தில் அது பெரிதாகக் குறைந்ததல்ல, எட்டு நிமிடத்தில் வெந்துவிடும்.